எண்ணூறு விக்கெட்டுகளும் எமது பிள்ளைகளும்

விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி இலக்கியத் திங்களிதழில் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். மனிதன் தன் உழைப்பால் எய்தும் திறன் எதுவும் இலக்கியத்துக்கு அந்நியமன்று என்பதே அவர்களுக்கு நாம் கூறும் விடை. அன்றியும், நாம் எழுதப் புகுவது விக்கெட்டுகளின் கணக்கை மட்டுமன்று. ஒரு மனிதர் ஆட்டக்காரராக உலகப் புகழ் பெற்றார், பின்னர் பயிற்றுநரானார், அதன்பின் ஆலோசனைக் குழுக்களிலும் தொழில் நிருவாகத்திலும் இடம் பெற்றார். அவருடைய வரலாறு ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு எவ்வாறு சொல்லப்படுகிறது, எவ்வாறு சொல்லப்பட வேண்டும் என்பதே நமது கேள்வி. அந்த மனிதர் முத்தையா முரளிதரன்.

பதுளையைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அவருடைய படம் சுவரில் தொங்குகிறது. பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படமாயினும், பிள்ளைகள் அதனைத் தெய்வப் படத்துக்கு அடுத்த நிலையில் வைத்திருக்கிறார்கள். பரிசளிப்பு விழா வந்தால் பிரமுகர் ஒருவர் வருவார், மாலை ஏற்பார், ஒலிபெருக்கி முன் நின்று, "முரளியைப் பாருங்கள், நம்மவர், தோட்டத்து வழி வந்தவர், முயன்றால் உங்களாலும் முடியும்" என்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிரமுகரின் வாகனம் மலைச்சரிவில் இறங்கி மறையும். பிள்ளைகள் பலகைத் துண்டையும் ரப்பர்ப் பந்தையும் எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடுவார்கள்.

இந்தப் பேச்சை நாம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அதில் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. பாதி உண்மை பிள்ளைகளின் நெஞ்சில் விழுந்தால், ஒரு நாள் அது குற்ற உணர்வாக முளைக்கும். "முரளியால் முடிந்தது, என்னால் முடியவில்லையே, ஆகவே குறை என்னிடத்தில்தான்" என்று பதினாறு வயதில் ஒரு பையன் முடிவு கட்டிவிடுவான். அந்த முடிவோடு கொழும்புக் கடை ஒன்றுக்கு வேலைக்குப் போனவர்கள் நம் வகுப்பிலேயே இருந்திருக்கிறார்கள். ஆகவே மறு பாதியையும் சொல்லுவது ஆசிரியராகிய நமது கடன்.

முரளிதரனின் பாட்டனார் பெரியசாமி சின்னச்சாமி 1920ஆம் ஆண்டு தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் தம் புதல்வியரோடு திரும்பிச் சென்று திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தார். புதல்வர்கள் இலங்கையிலேயே தங்கினர். அவர்களுள் ஒருவரான முத்தையா கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். நமது தோட்டத்துக் கடைகளிலும் விலைப்பட்ட 'லக்கிலேண்ட்' பிஸ்கட் அவர்களுடையதே. 1972 ஏப்ரல் 17இல் முரளிதரன் பிறந்தபோது, பாட்டனார் தலைமுறையின் தோட்ட வாழ்வு ஒரு தலைமுறை பின்னே போய்விட்டது.

ஒன்பதாவது வயதில் அவர் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். பெனடிக்டின் சபைத் துறவிகள் நடத்திய தனியார் பாடசாலை அது. அங்கே மைதானம் இருந்தது; பயிற்றுநர் இருந்தார்; பிற கல்லூரிகளோடு ஆடும் ஆட்டங்கள் ஆண்டுதோறும் நடந்தன. நடுத்தர வேகத்தில் பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனைப் பதினான்காவது வயதில் சுழற்பந்து வீசுமாறு திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஒரு சொல் உலகக் கிரிக்கெட்டின் வரலாற்றை மாற்றியது என்றால் மிகையன்று. பாடசாலையின் இறுதி இரு பருவங்களில் முரளி நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். பின்னர் கொழும்பில் தமிழ் யூனியன் கழகத்தில் இணைந்தார். 1992 ஓகஸ்ட் 28இல் கெத்தாராம அரங்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார்.

இந்த வரலாற்றை நாம் ஒருமுறை பத்தாம் வகுப்பில் கூறிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், அவங்க எந்தத் தோட்டத்து லயத்துல இருந்தாங்க?" என்று கேட்டாள். பாட்டனார் காலத்தோடு தோட்ட வேலை முடிந்தது என்றும், முரளி வளர்ந்தது தொழிற்சாலை உரிமையாளரின் வீட்டில் என்றும் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு அவள், "அப்ப, தோட்டத்த விட்டுப் போனதுக்கு அப்புறந்தான் இதெல்லாம் நடந்துச்சா, சேர்?" என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. பரிசளிப்பு விழாப் பேச்சுகள் ஆண்டாண்டாகச் சொல்லாமல் விட்டதை அந்தப் பெண் ஒரே கேள்வியில் எடுத்து மேசை மேல் வைத்துவிட்டாள்.

அவளுக்கு நாம் அன்று கூறிய விடையையே இங்கு விரித்து எழுதுகிறோம். திறமை எந்த லயத்திலும் பிறக்கும். அது வளர்வதற்கு நிலம் வேண்டும், ஆசான் வேண்டும், நேரம் வேண்டும், துன்பம் வந்தபோது கூட நிற்கும் மனிதர் வேண்டும். முரளிதரனுக்கு இந்த நான்கும் வாய்த்தன. வாய்த்ததைச் சொல்லுவது அவருடைய பெருமையைக் குறைப்பதாகாது. நம் பிள்ளைகளுக்கு வாய்க்காததை மறைப்பதுதான் அவர்களைக் குறைப்பதாகும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மலைநாட்டில் சமதரை பொன்னுக்குச் சமம். தோட்டம் திறந்த காலத்தில் சமதரையாக இருந்தவை தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் போயின. எஞ்சிய சரிவுகளை ஒட்டி லயங்கள் எழுந்தன. கிரிக்கெட் ஆட்டமே இந்த மலைகளுக்குத் துரைமாரோடு வந்ததுதான். டறாவளையிலும் ரதல்லையிலும் அவர்களுடைய கழகங்கள் பச்சைக் கம்பளம் போன்ற மைதானங்களை அமைத்தன. ஆக, மலையைச் சமதரையாக்க முடியாது என்பதில்லை. யாருக்காக ஆக்குவது என்பதே கேள்வி.

நமது பாடசாலைக்கு விளையாட்டு நிலம் வேண்டுமென்று ஒரு தோட்ட நிருவாகத்திடம் பெற்றோரும் நாமும் பலமுறை விண்ணப்பித்தோம். தேயிலை நட்ட நிலத்தைத் தர இயலாது என்பது ஒரு விடை. தேயிலை இல்லாத நிலம் சரியும் நிலம் என்பது அடுத்த விடை. இறுதியில் தோட்டத்து இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு வந்தார்கள். பாடசாலை முற்றத்தின் மேட்டை வெட்டிச் சரித்து, ஆடுகளத்துக்கு வேண்டிய இருபத்திரண்டு யாரை எப்படியோ உண்டாக்கினார்கள். ஆனால் வேகப்பந்து வீசுபவன் ஓடிவர இடமில்லை. நான்கு எட்டு வைத்தால் பின்னே படிக்கட்டு. ஆகவே நமது பாடசாலையில் எல்லோரும் சுழற்பந்து வீச்சாளர்களே. துடுப்பாட்டக்காரருக்கும் ஒரு சட்டம் உண்டு: பந்து தேயிலைக்குள் போனால் அவுட். சரிவில் உருண்ட பந்தைத் தேடி எடுக்கப் போதுமான மாலைப்பொழுது அங்கே இல்லை. அதனால் நம் பையன்கள் பந்தைத் தரையோடு தட்டி ஆடவே பழகியிருக்கிறார்கள். ஓங்கி அடிக்கும் ஆற்றல் அவர்கள் தோளில் இல்லாமலில்லை. தூக்கி அடித்தால் தண்டனை என்று நிலமே அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது.

சரியும் நிலம் என்று நிருவாகம் சொன்னதில் உண்மையுண்டு. அந்த உண்மையே நமக்குப் பெரும் வேதனை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆட நிலமில்லாத மக்களுக்கு அஞ்சாமல் உறங்கவும் நிலமில்லை என்பதை அன்று நாடு பார்த்தது. அதன்பின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு வலுத்தது. சில இடங்களில் வீடுகள் எழுந்தன. பல இடங்களில் லயமே நிலைத்தது. மைதானம் கேட்பது ஆடம்பரம் என்று எண்ணுவோர் இதனை உணர வேண்டும். வீட்டுக்கு நிலம் கேட்பதும் விளையாட்டுக்கு நிலம் கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரு கிளைகள். இந்த மண்ணைப் பொன் விளைய வைத்த மக்களுக்கு இந்த மண்ணில் ஒரு பங்கு வேண்டும் என்பதே வேர்.

'ஊவா' என்ற பெயரே ஒருமுறை கிரிக்கெட் வெற்றிக் கிண்ணம் ஏந்தியதுண்டு. 2012 ஓகஸ்ட்டில் நடந்த இலங்கைப் பிரிமியர் லீக் போட்டியில் மாகாணங்களின் பெயரில் அணிகள் ஆடின. ஊவாவின் பெயர் தாங்கிய அணியே முதலிடம் பெற்றது. கொண்டாட்டத்தின் படங்களைப் பத்திரிகையில் பார்த்து நம் பிள்ளைகள் துள்ளினார்கள். ஆனால் அப்போட்டியின் ஆட்டங்கள் கொழும்பிலும் கண்டியை அடுத்த பல்லேகலையிலும் மட்டுமே நடந்தன. பதுளை வின்சன்ட் டயஸ் அரங்கில் ஓர் ஓவர்கூட வீசப்படவில்லை. அணியின் நட்சத்திரங்கள் கடல் கடந்து விலைக்கு வாங்கப்பட்டவர்கள். நமது மலையின் பெயரைத் தேயிலைப் பெட்டியில் அச்சிட்டு உலகெங்கும் விற்பதை நாம் அறிவோம். மட்டைக்கும் சட்டைக்கும் அதே பெயரை அச்சிட்டு விற்கலாம் என்று அன்றுதான் அறிந்தோம்.

இனி, துன்பம் வந்தபோது கூட நின்ற மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முரளிதரனின் கை முழங்கையில் முற்றாக நிமிராது. அது பிறவியிலேயே அமைந்த இயல்பு. 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்ண் அரங்கில் நடுவர் டரல் ஹெயார், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ போல்' அறிவித்தார். சில நாள்களில் பிறிஸ்பேனில் ரொஸ் எமர்சன் என்ற நடுவரும் அவ்வாறே செய்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் கையை நீட்டியபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணி முழுவதையும் எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றார். ஆட்டம் நின்றது. தண்டனை வரும் என்று அறிந்தே அவர் நின்றார். ஒரு தொழிலாளிக்கு அநீதி நேர்ந்தபோது பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நின்றவர் சிங்களத் தலைவர். யாருக்காக நின்றாரோ அவர் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பேரன். அதுவும் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில். இதனை நம் பிள்ளைகளுக்கு நாம் அழுத்தமாகச் சொல்லுகிறோம்.

அறிவியலும் கூட நின்றது. 1996இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய கையைப் படம் பிடித்து அளந்தார்கள். எறிவதுபோல் கண்ணுக்குத் தோன்றுவது ஒரு மாயத் தோற்றமே என்றார்கள். 2004இல் 'தூஸ்ரா' என்ற அவருடைய புதிய பந்து மீண்டும் குற்றஞ் சாட்டப்பட்டது. ஆஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட்டும் அவர் எறிகிறார் என்று பேசினார். அவ்வாண்டிலேயே முரளி முழங்கையை மடக்கவியலாதபடி உலோகக் கவசம் பூட்டித் தொலைக்காட்சியினர் முன் பந்து வீசிக் காட்டினார். தன் உடல் இயல்பானதென்று காட்டுவதற்குத் தன் கைக்கே விலங்கு பூட்டிக்கொண்ட வீரர் வேறெவர்?

பின்னர் உலகின் மற்றப் பந்துவீச்சாளர்களையும் அதே கருவிகளால் அளந்து பார்த்தார்கள். குற்றமற்றவர் என்று போற்றப்பட்ட பலருடைய முழங்கையும் வீசும்போது ஓரளவு நிமிர்வது தெரிய வந்தது. சுழற்பந்துக்கு 5 பாகை என்றிருந்த எல்லையை மாற்றி, எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை என்ற விதி 2005 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவனை மட்டும் அளந்தபோது குற்றமாகத் தெரிந்தது. எல்லோரையும் அளந்தபோது இயல்பாயிற்று. சமூக நீதி என்பதற்கு இதைவிடச் சிறந்த உவமையை நாம் பாடப் புத்தகத்தில் கண்டதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இந்த உவமை சட்டென்று விளங்குகிறது. அவர்களுடைய தாய்மார் நாள்தோறும் அளக்கப்படுகிறவர்கள். கொழுந்து மடுவத்தில் தராசு தொங்குகிறது. பறித்த கொழுந்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்கள் கழிகின்றன. குறித்த அளவு நிறையாவிட்டால் முழுப் பேர் இல்லை, அரைப் பேர்தான். 2015இல் எழுந்த ஆயிரம் ரூபாய் நாட்கூலிக் கோரிக்கை 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. கூலி ஏறியதும் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் ஏறிற்று. முரளியின் கையை அளந்த கருவியை மறுபடியும் மறுபடியும் சோதித்தார்கள், விதியையே மாற்றினார்கள். அம்மாவின் கொழுந்தை நிறுக்கும் தராசை யார் சோதிப்பது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்விக்காகவே நாம் இந்த வரலாற்றைக் கற்பிக்கிறோம்.

இவற்றையெல்லாம் கடந்து அவர் அடைந்த உயரம் பெரியது. 1998இல் லண்டன் ஓவல் அரங்கில் ஒரே ஆட்டத்தில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகள். இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அது. 2007 டிசம்பரில் கண்டி அஸ்கிரியவில் ஷேன் வோர்ணின் 708ஐ முந்தினார். 2010 ஜூலையில் காலி ஆட்டம் தொடங்கு முன்னரே அதுதான் தம் இறுதி டெஸ்ட் என்று அறிவித்தார். அப்போது கையிலிருந்தவை 792. இந்திய அணியின் இறுதி ஆட்டக்காரர் பிரக்ஞான் ஓஜா வீழ்ந்தபோது 800 நிறைந்தது. அந்தப் பந்தைப் பிடித்தவர் மஹேல ஜயவர்தன. டெஸ்ட் ஆட்டங்களில் முரளியின் பந்தில் அவர் பிடித்த பிடிகள் மட்டும் 77. எண்ணூறு என்ற தனி மனிதச் சாதனைக்குள்ளேயே இத்தனை பேருடைய கைகள் இருக்கின்றன.

ஆடி முடித்தபின் அவர் கற்பிக்கப் புறப்பட்டார். அவரைப் பந்துவீச்சு ஆலோசகராக 2014இல் அமர்த்திக்கொண்டது ஆஸ்திரேலிய அணி! எந்த நாட்டின் அரங்குகளில் அவர் 'எறிபவர்' என்று ஏசப்பட்டாரோ, அந்த நாடு தன் இளைஞர்களை அவரிடம் பாடம் கேட்க அனுப்பியது. வரலாறு சில வேளைகளில் நல்ல நகைச்சுவையும் எழுதுகிறது. வங்காளக் கிரிக்கெட் சங்கமும் அவரை அழைத்தது. 2015இல் இந்தியப் பிரிமியர் லீக்கின் ஹைதராபாத் அணியில் பந்துவீச்சுப் பயிற்றுநரானார். அடுத்த ஆண்டே அவ்வணி வெற்றிக் கிண்ணம் பெற்றது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024இல் அவ்வணிக்காக ஆடினார். ஒரு தமிழ்ப் பாடசாலையின் சுழற்பந்து வீச்சாளர் முரளியின் கண் முன்னே பந்து வீசியது நமக்கு மகிழ்ச்சியே.

நிருவாகத்திலும் அவர் இடம் பெற்றார். 2021இல் அரவிந்த டி சில்வாவின் தலைமையில் அமைந்த கிரிக்கெட் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவில் ரொஷான் மஹாநாம, குமார் சங்கக்கார ஆகியோரோடு அவரும் உறுப்பினராக இருந்தார். குடும்பத் தொழிலும் வளர்ந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தென்னிலங்கைச் சீனிகமவை மையமாகக் கொண்ட நற்பணி மன்றம் ஒன்றோடு இணைந்து மக்களுக்கு வீடுகள் அமைக்க உழைத்ததும், போருக்குப் பின் வடக்கில் பாடசாலை அணிகளுக்காகக் கிண்ணப் போட்டி நடத்த முன்னின்றதும் அவருடைய பெயரைச் சிறப்பிப்பன.

அவருடைய அரசியற் சொற்கள் எல்லாவற்றோடும் நமக்கு உடன்பாடில்லை என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். 2009ஆம் ஆண்டே தம் வாழ்வின் மகிழ்ச்சியான ஆண்டு என்று 2019இல் அவர் பேசியது பலர் மனத்தைப் புண்படுத்தியது. போர் முடிந்ததையே சொன்னேன், அப்பாவிகளின் சாவை அல்ல என்று அடுத்த ஆண்டில் விளக்கினார். அவ்வறிக்கையில், தாம் சிறுவனாக இருந்தபோது தந்தையார் வெட்டுக்கு ஆளானதையும் நினைவூட்டியிருந்தார். அந்தக் காயத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் தொழில் உரிமையாளர் ஒருவர் உலகைப் பார்க்கும் சாளரமும், தோட்டத்துத் தொழிலாளியின் சாளரமும் வேறு வேறு. பந்துவீச்சில் அவரைப் பின்பற்றும் மாணவன், எல்லாவற்றிலும் அவரைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை. வீரனை நேசிப்பதற்கு அவனுடைய வாக்குச் சீட்டையும் நேசிக்க வேண்டியதில்லை.

நமது முறைப்பாடு அவர் மேலன்று. நீர் பள்ளத்தை நோக்கி ஓடும்; இன்றைய அமைப்பில் பயிற்சியோ பணமேட்டை நோக்கி ஏறுகிறது. உலகின் தலைசிறந்த சுழற்பந்து ஆசானின் அறிவு, அதனை வாங்க வல்ல கழகங்களுக்கே போய்ச் சேருகிறது. இலங்கைக்குள்ளேயே முதல்தரக் கழகங்களில் மிகப் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. மடுல்சீமையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் ஒரு பையன் அபூர்வமாகப் பந்தைத் திருப்பினாலும், அதனைக் கண்டு "நீ சுழற்பந்து வீசு" என்று சொல்ல ஒரு சுனில் பெர்னாண்டோ அங்கே இல்லை. நமது பாடசாலையில் உடற்கல்வி நடத்துபவர் கணித ஆசிரியர். அவர் நல்லவர், ஆனால் மூன்று வகுப்புகளின் கணக்குக் கொப்பிகள் அவருடைய மாலைப்பொழுதைத் தின்றுவிடுகின்றன. பிள்ளைகளின் மாலைப்பொழுதோ தண்ணீர் எடுப்பதிலும், விறகு பொறுக்குவதிலும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதிலும் கழிகிறது. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் மிச்சமில்லை.

வரலாற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தது. கொழுந்தைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டார்கள். 1992இல் முரளி நாட்டின் தொப்பியை அணிந்தபோதும் நாடற்றோர் பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டமே அதனைத் தீர்த்தது. அதே 1992இல் அரசுத் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கைமாறியது. ஒரு மகன் உலக அரங்கில் ஏறிய ஆண்டில், அவன் பாட்டனாரின் தோழர்களுடைய பேரப்பிள்ளைகள் புதிய துரைமாரின் பெரட்டில் நின்றார்கள்.

ஆகவே, முரளியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லுகிறோமா? இல்லை. அது அங்கேயே இருக்கட்டும். அதன் கீழே, முயன்றால் முடியும் என்ற வாசகத்தோடு வேறு சில வாசகங்களும் எழுதப்பட வேண்டும் என்கிறோம். இவருக்கு மைதானம் இருந்தது. இவருக்கு ஆசான் இருந்தார். இவருக்காக ஓர் அணி நின்றது. இவருக்காக ஒரு விதி மாறியது.

இந்த நான்கையும் ஒரு சில பிள்ளைகளின் நற்பேறாக விடாமல் எல்லாப் பிள்ளைகளின் உரிமையாக்குவது எப்படி? ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் சமதரை நிலம் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் நியமனத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு முன்னுரிமை வேண்டும். நகரத்து மைதானத்தில் ஆட வரும் தோட்டப் பிள்ளைகள் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் பாதி ஆட்டத்தில் ஓடாதபடி போக்குவரத்து வேண்டும். கிரிக்கெட் வாரியத்தின் வருமானத்தில் ஒரு பங்கு ஊவாவின் மலைப் பாடசாலைகளுக்கு வர வேண்டும். இவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல. தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கும் காணிக்கும் அடுத்ததாக இவையும் இடம் பெற வேண்டுமென்று ஆசிரியரும் மாணவரும் எழுப்பும் குரல் ஒன்றானால், கேட்காதவர் செவியிலும் அது விழும்.

அந்த நாள் வரையில் நமது பையன்கள் நான்கு எட்டு வைத்துப் பந்து வீசிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுள் இன்னொரு முரளி இருக்கிறானா என்று தேடுவதைவிட, முரளியாக ஆகவே மாட்டாத நூறு பேரும் பயமின்றிப் பந்தைத் தூக்கி அடிக்க ஒரு வெளி உண்டா என்று தேடுவதே சமூகத்தின் கடமை. ஒரு மலையில் ஒரு மரம் வானளாவ வளர்ந்தால் அதைக் கண்டு வியக்கலாம். மண்ணைப் பிடித்து நிறுத்துவதோ காடு.